மச்சான் பேசிவிட்டுப் போன பிறகு சோபா பட்டறையில் நடந்தவை

கிறிஸ்துவுக்குள் அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் போதகர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் பிள்ளைகளும் கர்த்தருடைய கிருபையால் சரீர சுகத்தோடு இருக்கிறோம். மனசுகத்தைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். கடிதம் முழுக்க அதுதான். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாயிருக்கவும், உங்கள் சபை பெருகவும், உங்கள் தொண்டை நன்றாக இருக்கவும் ஜெபிக்கிறேன். தொண்டையை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பட்டறைக்கு வந்து பேசிய அன்றைக்கு மட்டும் அது கொஞ்சம் கட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்காக என்னை மன்னிக்கவேண்டும். மன்னிப்பு என்ற சொல்லை எழுதும்போதே எனக்கு என் ஸ்கூட்டர் நினைவுக்கு வருகிறது. காரணம் கீழே வரும்.

நான் உங்களிடம் கேட்டது என்ன, நீங்கள் கொடுத்தது என்ன என்பதை முதலில் நினைவுபடுத்திவிடுகிறேன். பட்டறையில் ஒழுங்கு குறைகிறது, காலையில் யாரும் நேரத்துக்கு வருவதில்லை, ரெக்ஸினை வெட்டும்போது பாதியைத் துண்டாக்கித் தள்ளுகிறார்கள், ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திரும்பி வருகிறது, ஆகையால் வேலையிடத்தைக் கிறிஸ்தவ நெறியில் நடத்துவது எப்படி என்று வந்து கொஞ்ச நேரம் பேசுங்கள் என்றுதான் கேட்டேன். கிறிஸ்தவ நெறி என்றால் என் மனதில் இருந்தது, முதலாளி சொன்னால் கேட்பது, பொருளை வீணாக்காமல் இருப்பது, வாயை மூடிக்கொண்டு வேலை செய்வது, இவ்வளவுதான். நீங்களும் "பேசிட்டாப் போச்சு மாப்பிள்ளை" என்று வந்தீர்கள். உண்மை பேசுதல், மன்னித்தல், பெரியவன் சின்னவனுக்குப் பணிவிடை செய்தல், சத்துருவை நேசித்தல் என்று ஒவ்வொன்றாகப் பிட்டுப் பிட்டு வைத்தீர்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். பிரசங்கம் என்றால் தலையாட்டுவது நம் வழக்கம்தானே. தலையாட்டுவோம், வீட்டுக்குப் போவோம், சாப்பிடுவோம், தூங்குவோம். கேட்டதை மறுநாள் காலையிலேயே எடுத்துச் செய்கிற கூட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதும், அந்தக் கூட்டத்துக்கு நான்தான் சம்பளம் கொடுத்துவருகிறேன் என்பதும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மறுநாள் நான் ஷட்டரைத் தூக்கும் முன்பே மேஸ்திரி வாசலில் நின்றிருந்தார். உங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்ட வழுக்கைத் தலைக்காரர் அவர்தான். பட்டறை வேலை முழுவதும் அவர் கையில். நேரத்துக்கு முன்பே வந்திருக்கிறாரே, மச்சான் பேச்சு பலித்துவிட்டது என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. மற்றவர்களும் வந்து வேலைக்கு உட்கார்ந்த பிறகும் அவர் என் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"முதலாளி, ஒரு உண்மையச் சொல்லணும். மனசுல வெச்சுக்கிட்டு ஆணி அடிக்க முடியல."

"சொல்லுங்க."

"உங்களுக்கு நாங்க ஒரு பேரு வெச்சிருக்கோம். பின்னாடி அப்படித்தான் கூப்பிடுவோம்."

"என்ன பேரு?"

"குக்கர்."

எல்லோருக்கும் சோறு போடுகிறவன் என்று அன்பாக வைத்திருப்பார்கள் என நினைத்து நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "மொதல்ல உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். அப்பவே தள்ளிப் போயிட்டா தப்பிச்சோம்" என்று விளக்கம் வேறு கொடுத்தார். எவன் வைத்த பேர் இது என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். கணக்கு மேசையில் இருந்த உங்கள் தங்கை தலையைத் தூக்காமலே, "நான்தான். கல்யாணமான புதுசுல வெச்சது" என்றாள். சொந்தப் பெண்டாட்டி, மச்சான். இத்தனை காலம் ஒரே பாயில் படுத்து எழுந்தவள். எனக்கு உள்ளே ஏதோ ஏறி மூக்கு வழியாக உஸ்ஸென்று வெளியே வந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் பட்டறையில் இருந்த அத்தனை பேரும் ஓரடி பின்னால் போனதை என் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு அந்தப் பேரை எப்படி மறுப்பது?

சரி, போகட்டும், பேர்தானே என்று தேற்றிக்கொண்டு உட்கார்ந்தால், டிரைவர் வந்தான். இவன் எங்கள் வேனை முன்னால் ஓட்டும்போது ஒரு குறையும் சொல்லமுடியாது. பின்னால் எடுக்கும்போதுதான் மோட்சத்துக்கும் பூமிக்கும் நடுவில் இருக்கிற எதையாவது இடிப்பான். அதனால் அவனுக்கு ரிவர்ஸ் என்று பேர். அவன் ஆலயத்துக்குள் கால் வைத்ததே ஒருமுறைதான், அதுவும் பீடத்து நாற்காலிக்கு உறை மாட்ட. ஆனால் உங்கள் பேச்சில் மன்னிப்பு என்ற பகுதியை அவனளவுக்கு உள்வாங்கியவர் யாரும் இல்லை. வேனைப் பின்னால் எடுத்துப் பட்டறைத் தூணில் மோதிவிட்டு, நேராக என் முன்னால் வந்து கைகட்டி நின்றான்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க முதலாளி."

சுற்றிலும் எல்லோரும் ஊசியை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்க்கிறார்கள். "மன்னிச்சிட்டேன்" என்றேன்.

"மனசார சொல்லுங்க. இது பல்லுக்குள்ளேயே நிக்குது."

மனசாரச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், ஞானஸ்நானம் எடுத்தவனிடம்கூட அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. "அப்படின்னா இன்னொண்ணையும் சேர்த்துச் சொல்லிடுறேன் முதலாளி. தூணுக்கு முன்னாடி உங்க ஸ்கூட்டரையும் இடிச்சேன்" என்றான். மன்னிப்பு முன்கூட்டியே வாங்கியாயிற்று. நான் என்ன செய்யமுடியும்? வெளியே போய்ப் பார்த்தால் என் ஸ்கூட்டர், கும்பிடுகிறவன் மாதிரி முன்சக்கரத்தை மடக்கிக்கொண்டு கிடக்கிறது.

பணிவிடை விஷயத்துக்கு வருகிறேன். பெரியவனாக இருக்க விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்கவேண்டும் என்று நீங்கள் சொன்னதை உங்கள் தங்கை ஒரு அட்டையில் எழுதி டீ அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டாள். ஒட்டிவிட்டு என்னையே பார்த்தாள். ஆகவே எல்லோருக்கும் நான் டீ போட்டேன். பிறந்ததிலிருந்து டீ குடித்திருக்கிறேனே தவிர, அது எப்படி உண்டாகிறது என்று கவனித்ததில்லை. மேஸ்திரி ஒரு வாய் குடித்துவிட்டு, உண்மை பேசவேண்டிய கட்டாயத்தில், "முதலாளி, உங்க மனசு நல்ல மனசு. ஆனா இது டீ இல்ல" என்றார். சரி, டீதான் வரவில்லை, காலையாவது கழுவுவோம், அதைவிடப் பெரிய பணிவிடை இல்லையே, இதோடு இந்த விவகாரத்தை முடித்துவிடலாம் என்று ஒரு பேசினில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேஸ்திரி முன்னால் குனிந்தேன். நான் எவ்வளவு பெரிய காரியம் செய்கிறேன் என்று எனக்கே கண் கலங்கியது. அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "வேணாம் முதலாளி. இது ரெக்ஸின் ஒட்டுற பசை. தண்ணியில போகாது. தின்னர் போட்டாத்தான் போகும்." குனிந்த முதுகு நிமிர மறுத்துவிட்டது. இரண்டு பேர் பிடித்துத் தூக்கி, விற்காமல் கிடந்த ஒரு சோபாவில் என்னைப் படுக்கவைத்தார்கள். அந்த சோபாவில் படுத்த பிறகுதான் வலி அதிகமானது என்பதையும் உண்மையின் நிமித்தம் எழுதிவிடுகிறேன்.

இதெல்லாம் சில்லறைத் துன்பம், மச்சான். இனிமேல்தான் பெரிய அடி.

ஊர் நடுவில் புதிதாக ஒரு ஹோட்டல் வருகிறது. கீழ்த்தள வரவேற்பறை சோபா, சாப்பாட்டு அறை நாற்காலி, எல்லாம் ஒரே கையில் கொடுப்பார்கள். கிடைத்தால் ஒரு வருஷத்துக்கு நிமிர்ந்து உட்காரலாம். அவர்களுக்குச் சாமான் வாங்கும் அதிகாரி ஒரு அம்மா. அளந்து அளந்து பேசுகிறவர். அவரை எங்கள் விற்பனைக்கூடத்துக்கு வரவழைக்க நான் நடந்த நடையில் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது. வந்தார். நம்முடைய நல்ல சோபாவில் உட்கார்ந்தார். முகம் மலர்ந்தது. எங்கள் விற்பனைக்காரப் பெண் பக்கத்தில் நின்றாள். கெட்டிக்காரி, நீங்கள் வந்து பேசும் வரை, நிற்க வந்தவரையும் உட்காரவைத்து, உட்கார்ந்தவரை வாங்கவைத்து அனுப்புவாள். அந்த அம்மா கையால் மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்டார். இதற்கு எங்கள் கடையில் காலங்காலமாக ஒரே பதில்தான்: உங்கள் பேரப்பிள்ளைகளும் உட்காருவார்கள். நான் மனதுக்குள் அந்தப் பதிலை அவளோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள், "வீட்டுக்குன்னா ரொம்ப நாள் வரும்மா. ஹோட்டல்ல நாள் முழுக்க ஆள் மாத்தி ஆள் உட்காருவாங்களே, ஒரு வருஷத்துல நடுவுல குழி விழும்" என்றாள்.

நான் யாருக்கும் தெரியாமல் அவள் காலை மிதித்தேன்.

"முதலாளி, என் காலை மிதிக்கிறீங்க" என்றாள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "கெட்டியான ஸ்பாஞ்சு போட்டுத் தர முடியாதா?" என்று அவர் கேட்க, அவள், "போடலாம்மா. ஆனா அது வந்து சேர நாளாகும், உங்க திறப்பு விழா அதுக்கு முன்னாடி வருதே" என்றாள். அதோடு நின்றிருந்தாலும் நான் பிழைத்திருப்பேன். "அப்ப வேற எங்க கிடைக்கும்?" என்று அந்த அம்மா கேட்டுவிட்டார். கேட்கிறவர் கேட்டால் சொல்கிறவளுக்குப் புத்தி வேண்டாமா? கண்ணாடிக் கதவு வழியாகக் கையை நீட்டி, "எதிர்க்கடையில இருக்கும்மா. அவங்க போடுறது நல்ல கெட்டி" என்றாள். அந்த அம்மா எழுந்து, நன்றி சொல்லி, தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குள் போனதை நான் என்னுடைய கடைக்குள் நின்றே பார்த்தேன். வாசலில் வந்து நின்று வழிகாட்டியது என் டிரைவர்.

எதிர்க்கடைக்காரரைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சத்துருவை நேசிக்கும் பகுதியைக் கொஞ்சம் சுருக்கியிருப்பீர்கள். எங்கள் கடை வாசலுக்கு நேரே படுகிற மாதிரி "இங்கே வாங்கினால் முதுகு வலிக்காது" என்று பலகை வைத்தவர் அவர். நான் ஒரு மாடல் போட்டால் அடுத்த வாரம் அது அவர் கண்ணாடிக்குள் நிற்கும். பல வருஷமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது; தெருவில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆகாயத்தைப் பார்ப்போம். ஹோட்டல் வேலை அவருக்கே போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் நான் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. உங்கள் தங்கை தட்டை எடுத்து வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு சொன்னதுல எது பொய், சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள். பொய் இல்லை என்பதுதானே என் புகாரே?

போன புதன்கிழமை காலை தெருவில் ஒரு பெரும் சத்தம். எதிர்க்கடைப் பட்டறையின் மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி உடைந்து, இருந்த தண்ணீரெல்லாம் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. ஹோட்டலுக்காகத் தைத்து அடுக்கியிருந்த உறைகள், ஸ்பாஞ்சு, மெத்தை எல்லாம் ஊறிப்போயின. தையல் மெஷின்கள் தண்ணீருக்குள். திறப்பு விழா அடுத்த செவ்வாய். அவர் நடைபாதையில் குந்தி உட்கார்ந்து ஒரு நாற்காலி மெத்தையை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். துணி பிழிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மெத்தை பிழிகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிழியப் பிழிய அதிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மச்சான், உங்களிடம் ஒளிக்காமல் எழுதுகிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே ஓடிப்போய் உங்கள் தங்கையிடம், "தேவன் இருக்காரு" என்றேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தமிழ் போதாது.

நீங்கள் பேசிவிட்டுப் போனதிலிருந்து தினமும் வேலை தொடங்கும் முன்பு எல்லோரும் கூடி நின்று ஒரு சின்ன ஜெபம் செய்கிறோம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; அதனால் யாரும் தாமதமாக வருவதில்லை. மறுநாள் மேஸ்திரி கண்ணை மூடி, "எதிர்க்கடைக்காரர் கஷ்டத்துல இருக்காரு, அவரைத் தாங்கும் ஆண்டவரே" என்றார். நானும் ஆமென் சொன்னேன். ஆமென் சொல்வதில் நமக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். உடனே விற்பனைக்காரப் பெண் கண்ணைத் திறந்து, "ஆண்டவர் எப்படித் தாங்குவாரு? நம்மதானே எதிர்ல இருக்கோம்" என்றாள்.

நான் இன்னொரு முறை ஆமென் சொல்லி ஜெபத்தை முடித்துவிடப் பார்த்தேன்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "முதலாளி, சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல நமக்கு லீவு. ஞாயிறு ஆராதனை முடிஞ்சா சும்மாதான் இருக்கோம். நாங்க போய் அவங்களுக்கு உறை தைச்சுக் குடுக்கலாம்னு இருக்கோம். உங்க நேரத்துல இல்ல. எங்க நேரத்துல."

"யாருக்கு? அவருக்கா? நம்ம மாடலைத் திருடி விக்கிறவருக்கா?"

"ஆமா முதலாளி. அவரு திருடினதும் தெரியும். நீங்க என்னைய அனுப்பி அவரு கண்ணாடியில எட்டிப் பார்த்து அளவெடுத்துட்டு வரச் சொன்னதும் தெரியும்."

இந்த மனிதரை உண்மை பேசச் சொன்னது யார் என்று உங்களுக்கே தெரியும்.

"என் மெஷினை நான் குடுக்க மாட்டேன்" என்றேன், கடைசி ஆயுதமாக. அப்போது உங்கள் தங்கை எழுந்து வந்தாள். "பெரிய தையல் மெஷின் எங்க அப்பா எனக்குக் கல்யாணத்துக்குக் குடுத்தது. அது போகும்" என்றாள். உங்கள் அப்பாவை, என் மாமனாரை, நான் என்றைக்கும் மதித்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவர் ஒரு மெஷினுக்குப் பதிலாக ஒரு பீரோ கொடுத்திருக்கக்கூடாதா என்று தோன்றியது. வழக்கமாக வரவேண்டிய உஸ்ஸும் வரவில்லை. ஒருவர்கூட என்னை எதிர்த்துக் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், பட்டறை பழைய பட்டறையாக ஆகியிருக்கும். யாருமே கத்தவில்லை என்பதுதான் என்னைக் குலைத்துவிட்டது. "உங்களுக்கு விருப்பம் இல்லன்னா நீங்க வர வேணாம் முதலாளி, நாங்க உங்களுக்காகவும் ஜெபிக்கிறோம்" என்று அன்பாக வேறு சொல்லிவிட்டுப் போனார்கள். சத்துரு பட்டியலில் எதிர்க்கடைக்காரருக்கு அடுத்து என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

இன்று சனிக்கிழமை. மத்தியானம். பட்டறையில் நான் ஒருவன்தான். மாமனாருடைய மெஷினை வேனில் ஏற்றித் தெருவைக் கடந்தார்கள். ரிவர்ஸ் அதைப் பின்னால் எடுத்து எதிர்க்கடைக் கதவை இடித்தான். இறங்கிப் போய்க் கைகட்டி நின்றான். அந்த மனிதர் இடிபட்ட கதவைக்கூடப் பார்க்காமல் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உங்கள் தங்கை அங்கே தரையில் உட்கார்ந்து உறைக்கு ஜிப் வைக்கிறாள். எனக்குச் சாப்பாடு மூடி வைத்திருக்கிறாள். ஆறிப்போயிற்று.

ஆகவே மச்சான், இதன் மூலம் தங்களைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், அடுத்த வாரமே வந்து நீங்கள் சொன்னவற்றுக்கெல்லாம் ஒரு வரம்பு வைத்துப் பேசிவிட்டுப் போகவேண்டும். உண்மை பேசலாம், வாடிக்கையாளர் போன பிறகு. மன்னிக்கலாம், கீறலாக இருந்தால், நசுங்கினால் யோசிக்கவேண்டும். சத்துருவை நேசிக்கலாம், அவர் வேறு தொழிலில் இருக்கும் பட்சத்தில். வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிவதைப் பற்றியும் வேதத்தில் நல்ல நல்ல இடங்கள் இருக்குமே, அவற்றில் ஒன்றை எடுத்து நிதானமாக, மைக் வைத்துப் பேசுங்கள். வேலையிடத்தில் கிறிஸ்தவ நெறி வேண்டும் என்று கேட்டவன் நான்தான். இவ்வளவு வேண்டும் என்று கேட்கவில்லை.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதத்தையும், சபை மூப்பர்களுக்கு ஸ்தோத்திரத்தையும் சொல்லவும். சமாதானத்தின் தேவன் உங்களோடு இருப்பாராக. கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் வந்துவிட்டுப் போவாராக.

இப்படிக்கு,
அதிர்ச்சியிலிருந்து இன்னும் எழாத,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: சனிக்கிழமை எழுதிய கடிதம் இன்றுதான் தபாலுக்குப் போகிறது. மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். எழுதின உண்மையை எதற்குக் கிழிக்கவேண்டும் என்று உங்கள் தங்கை கேட்டுவிட்டாள். ஆகையால் அப்படியே அனுப்புகிறேன். வரம்பு வைத்துப் பேசச் சொன்னதை மட்டும் நீங்கள் கணக்கில் எடுக்கவேண்டாம்.

நடந்தது இது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலையைத் தூக்கினால், எதிரே ஒரு சோபாவின் மூலையில் துணியை மடித்துப் பிடிக்கிறார்கள். மடிப்பு தப்பு. அப்படிப் பிடித்தால் உட்கார்ந்த முதல் ஆளுக்கே பிதுங்கி வெளியே வந்துவிடும். நேசமும் கிடையாது, ஒன்றும் கிடையாது, மச்சான். கண்ணெதிரே மூலை கெடுவதை இந்தத் தொழிலில் இருப்பவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. திட்டுவதற்காகத்தான் தெருவைக் கடந்தேன். "விடு, விடு, அது அப்படி இல்ல" என்று துணியைப் பிடுங்கி இழுத்துப் பிடித்தேன். மறுமுனையைப் பிடித்திருந்தது எதிர்க்கடைக்காரர்.

"இன்னும் இழுங்க" என்றேன்.

"இழுத்துட்டேன்."

"இன்னும் கொஞ்சம். விட்டுடாதீங்க."

"விடல. நீங்க ஆணிய அடிங்க."

அடித்தேன். பல வருஷத்துக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். அந்த சோபா முடிந்து அடுத்ததற்குப் போகும்போது அவர், "இதெல்லாம் எனக்கு எதுக்குச் செய்யுறீங்க?" என்று கேட்டார். "என்னைக் கேட்காதீங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றேன். அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே கையில் இருந்த ஸ்பாஞ்சால் முகத்தைத் துடைத்தார். அது இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே அங்கே போனோம். திங்கள் அன்று எங்கள் பட்டறையையே பூட்டிவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகப் பூட்டினேன். செவ்வாய் காலை எல்லாம் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மா ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எங்களுக்கு ஒரு ஸ்டூல்கூட ஆர்டர் தரவில்லை. நன்மை செய்தால் கையோடு பலன் வரும் என்று பிரசங்கத்தில் சேர்த்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை என்பதால் முன்பே சொல்லிவைக்கிறேன். பலன் என்று பார்த்தால், இரண்டு நாளாக நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் எங்கள் பட்டறைக்கு வரவேண்டாம். எங்களுக்குப் பேசியது போதும். ஆனால் எதிர்க்கடைக்காரர் நேற்று வந்து, "உங்க ஆளுங்களை இப்படி மாத்தினது யாரு? எங்க ஆளுங்களுக்கும் அவரு வந்து பேசுவாரா?" என்று கேட்டார். என் மச்சான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டேன். அவர் ஆட்களும் சரியான நேரத்துக்கு வருவதில்லையாம், எதிர்த்துப் பேசுகிறார்களாம். கொஞ்சம் ஒழுங்கு வந்தால் போதுமாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவருக்கு வசதி. தவறாமல் வந்து, எங்களுக்குப் பேசியதில் ஒரு வார்த்தை குறையாமல் பேசிக் கொடுங்கள். அதற்குப் பிறகு என்னென்ன நடக்கும் என்பதை மட்டும் முன்கூட்டி அவரிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவதை நான் பார்க்கவேண்டும்.